அட்டைப்பெட்டியின் உரைநடை

"நுண்கோடுகள், சுருக்கங்கள் ஆகியவற்றின் தோற்றத்தைக் குறைக்க உதவுகிறது."

பெப்டைட் சீரம் விற்கிற எந்த நிறுவனத்தின் அட்டைப்பெட்டியை எடுத்தாலும் பெரும்பாலும் இந்த வாக்கியத்தில்தான் வந்து முட்டிக்கொண்டு நிற்போம். ஆங்கிலத்தில் இருக்கும், பிரெஞ்சில் இருக்கும், கொரிய எழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். சொற்கள் கொஞ்சம் முன்னே பின்னே மாறும். எலும்புக்கூடு மாறாது.

நாமெல்லாம் இலக்கிய வாசகர்கள். ஒரு கவிதையில் ஒரு வேற்றுமை உருபு ஏன் இப்படி வந்தது என்று நடுராத்திரி வரை சண்டை போடுகிறவர்கள். ஆனால் நம்மில் பலர் தினமும் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாசிக்கிற இந்த உரைநடையை யாரும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. ஒரு சிறுகதைத் தொகுப்பு எத்தனை பிரதி போகும் என்று நமக்குத் தெரியும். இந்த வாக்கியம் எத்தனை கோடிப் பேரால் வாசிக்கப்படுகிறது, எத்தனை பேர் அதை நம்பிக் காசு கொடுக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் இதை ஒரு நூல் விமர்சனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நூலுக்குப் பதிலாக முப்பது மில்லி பாட்டில், அவ்வளவுதான் வித்தியாசம்.

தமிழ் வாக்கியத்தைக் கடைசியிலிருந்து வாசிப்பது நல்ல பழக்கம். வினை அங்கேதான் உட்கார்ந்திருக்கும். "உதவுகிறது." செய்கிறது என்று சொல்லவில்லை. உதவ மட்டும் செய்தவன் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. அதற்கு முன்னால் "குறைக்க". எவ்வளவு, எத்தனை நாளில் என்று இல்லை. அதற்கும் முன்னால் "தோற்றத்தை". மொத்த வாக்கியத்துக்கும் அச்சாணி இந்தச் சொல்தான். சுருக்கத்தைக் குறைப்பதாக அட்டை எங்கேயும் சொல்லவில்லை. சுருக்கத்தின் தோற்றத்தைக் குறைக்கிறதாம். சுருக்கம் இருந்த இடத்திலேயே இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் வாக்கியம் ஜெயித்துவிட்டது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் ஊரிலும் இந்த நடை உண்டு. புதிய பதிப்பு வெளியாகும்போது கூடவே ஒரு குறிப்பு எழுதுவோம்: "செயல்திறன் மேம்படுத்தப்பட்டுள்ளது." எதன் செயல்திறன், எவ்வளவு, யாருக்கு என்று கேட்கக் கூடாது. செயப்பாட்டுவினை இருக்கும்வரை பொறியாளருக்குப் பயமில்லை. அதனாலேயே சீரம் டப்பாவை முதலில் வாசித்தபோது எனக்குச் சொந்த ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் இந்த நடைக்குப் பின்னால் வெறும் சாமர்த்தியம் மட்டும் இல்லை, ஒரு சட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் 1938-ஆம் ஆண்டு உணவு, மருந்து, அழகுப்பொருள் சட்டம் ஒரு கோடு கிழித்தது. உடலின் அமைப்பையோ செயல்பாட்டையோ மாற்றும் நோக்கம் கொண்டது மருந்து. சுத்தம் செய்ய, அழகூட்ட, தோற்றத்தை மாற்ற என்று இருப்பது அழகுப்பொருள். மருந்துகளுக்கு மட்டுமாக இந்தியாவில் வந்த 1940-ஆம் ஆண்டுச் சட்டமும், 1962-இல் திருத்தப்பட்டு அழகுப்பொருள்களையும் சேர்த்துக்கொண்டபோது, ஏறக்குறைய அதே சொற்களில் அதே கோட்டைக் கிழித்தது. மருந்து என்றால் விற்பதற்கு முன்பே அது வேலை செய்கிறது என்று நிரூபிக்க வேண்டும். பல வருஷம், பெரும் பணம். அழகுப்பொருளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆக, "தோற்றம்" என்ற சொல் அட்டையில் இருப்பதற்குக் காரணம் கவித்துவம் இல்லை. அது கடவுச்சீட்டு.

கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2012-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் லாங்கோம் நிறுவனத்துக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மரபணுக்களின் செயல்பாட்டைத் தூண்டுகிறது என்பது போன்ற விளம்பர வாசகங்களைச் சுட்டிக்காட்டி, இப்படிச் சொன்னால் உங்கள் பொருள் சட்டத்தின் கண்ணில் மருந்து ஆகிவிடும் என்றது. 2014-இல் லாங்கோமின் தாய் நிறுவனமான லோரியால், அந்நாட்டின் வணிக ஆணையத்துடன் உடன்பாட்டுக்கு வந்தது. தகுந்த அறிவியல் சான்று இல்லாமல், மரபணுக்களைக் குறிவைத்து இளமையாக்குகிறோம் என்ற வகைப் பேச்சு கூடாது. கடிதத்தில் இருந்ததெல்லாம் சொற்களைப் பற்றிய பேச்சுதான். ஒரு அரசு அலுவலகம் உட்கார்ந்து வினைச்சொற்களைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறது. நம் பத்திரிகை ஆசிரியர்களுக்குக் கூட அவ்வளவு பொறுமை இல்லை.

வினைச்சொல்லுக்குக் காவல் போட்டாகிவிட்டது. அப்படியென்றால் வாக்குறுதியை எங்கே வைப்பது? பெயர்ச்சொல்லில். பெப்டைட் இங்கேதான் உள்ளே நுழைகிறது.

*

பெப்டைட் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அமினோ அமிலங்களை மணிகளாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நிறைய மணிகளை நீளமாகக் கோத்து மடித்தால் புரதம். சில மணிகளை மட்டும் கோத்தால் பெப்டைட். டப்பாவில் இவை "பால்மிடோயில் பென்டாபெப்டைட்-4", "அசிட்டைல் ஹெக்ஸாபெப்டைட்-8", "காப்பர் டிரைபெப்டைட்-1" என்று வரும். ஐந்து மணி, ஆறு மணி, மூன்று மணி. கிரேக்க எண்ணுப்பெயர்களை எடுத்துவிட்டால் அவ்வளவுதான். ஆனால் அப்படிச் சொன்னால் யார் வாங்குவார்கள்? புரியாத மந்திரத்துக்குத்தான் மவுசு.

ஒவ்வொரு பெப்டைடும் ஒரு குட்டிக் கதையோடு வருகிறது. கதைகள் நன்றாகவே இருக்கின்றன.

முதல் கதை காப்பர் டிரைபெப்டைட். 1973-இல் லோரன் பிக்கார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் மனித ரத்தத்தில் மூன்று மணிப் பெப்டைட் ஒன்றைக் கண்டறிந்தார். கல்லீரல் செல்கள் நீண்டநாள் வாழ அது உதவியது. வயதானவர்களின் கல்லீரல் செல்களை இளைஞர்களின் ரத்த நீரில் வைத்தபோது அவை இளமையானவை போல நடந்துகொண்டன என்பதே அவர் தேடலின் தொடக்கம். கேட்டவுடன் யயாதி ஞாபகம் வருகிறதா? மகனின் இளமையை வாங்கிக்கொண்ட அப்பன். கதையின் வேர் அவ்வளவு பழையது என்பதால்தான் உடனே ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே இரண்டு செய்திகளைச் சொல்கிறது. இந்தப் பெப்டைட் இயல்பான கல்லீரல் செல்களின் ஆயுளை நீட்டிக்கிறது என்பது ஒன்று. கட்டி வகைக் கல்லீரல் செல்களின் வளர்ச்சியைத் தூண்டுகிறது என்பது மற்றொன்று. முதல் பாதி மட்டும் டப்பாவுக்கு வந்து சேர்ந்தது. இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்தவில்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் இருக்கும் செல்லுக்கு நடப்பதெல்லாம் முகத்தில் நடக்காது. அதே நியாயம் முதல் பாதிக்கும் பொருந்தும் இல்லையா?

இரண்டாவது கதை பென்டாபெப்டைட். நம் தோலைத் தாங்கிப் பிடிக்கும் புரதம் கொலாஜன். அதன் முன்வடிவத்தில் இருக்கும் ஐந்து மணித் துண்டு ஒன்று, தோலடி செல்களைக் கூடுதலாகக் கொலாஜன் செய்ய வைக்கிறது என்று 1993-இல் டென்னசி பல்கலைக்கழகத்தின் கத்தயாமா குழு எழுதியது. இதுவும் கிண்ணத்தில் நடந்ததுதான். சில வருஷம் கழித்து செடெர்மா என்ற பிரெஞ்சு நிறுவனம் அந்தத் துண்டுக்குக் கொழுப்பு அமிலத்தில் ஒரு வால் ஒட்டி மேட்ரிக்ஸில் என்று பேர் வைத்தது. டப்பா இதை இப்படிச் சொல்லும்: "கொலாஜன் உடைந்துவிட்டது என்று தோலுக்குச் சமிக்ஞை அனுப்புகிறோம், தோல் பதறிப்போய்ப் புதிதாகச் செய்கிறது." பொய்த்தந்தி கொடுத்து ஊரிலிருந்து மகனை வரவழைக்கிற அம்மாவின் கதை.

மூன்றாவது கதை ஆர்ஜிரலின் என்ற ஹெக்ஸாபெப்டைட். பார்சிலோனாவின் லிப்போடெக் நிறுவனம் 2002-இல் வெளியிட்டது. நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்க ஸ்னாப்-25 என்ற புரதம் வேண்டும். போடாக்ஸ் ஊசி அந்தப் புரதத்தை வெட்டிவிடுகிறது, தசை ஓய்கிறது, சுருக்கம் மறைகிறது. ஆர்ஜிரலின் அந்தப் புரதத்தின் ஒரு நுனியைப் போலவே வேஷம் போட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். அதே 2002-இல்தான் புருவ நடுச் சுருக்கத்துக்குப் போடாக்ஸ் போட அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. உலகமே ஊசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் "ஊசியில்லாப் போடாக்ஸ்" என்ற சொல் கிளம்பியது. உவமைக்கும் உருவகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, இங்கே அது பயன்படுகிறது. ஆய்வகத்தில் "போல" என்று இருந்தது. விளம்பரத்துக்கு வரும் வழியில் அந்த உவம உருபு எங்கேயோ விழுந்துவிட்டது.

*

மூன்று கதையிலும் ஒரே காட்சி விடுபட்டிருக்கிறது. கதாநாயகன் கோட்டைக்குள் எப்படிப் போனான்?

தோலின் வெளி அடுக்கு இறந்த செல்களால் ஆனது. செங்கல் போலச் செல்கள், நடுவே சாந்து போலக் கொழுப்பு. முகத்திலே இதன் மொத்தத் தடிமன் ஒரு தலைமுடியின் அகலம் கூட வராது. ஆனாலும் அசாத்தியமான சுவர். அது மட்டும் இல்லையென்றால் ஒரு மழையில் நாம் ஊறிக் கரைந்திருப்போம். 2000-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பாஸ், மைனார்டி என்ற இருவர் ஓர் எளிய கணக்கைச் சொன்னார்கள். தோலில் தடவி வேலை செய்கிற மருந்துகளையும், தோலில் ஒவ்வாமை உண்டாக்குகிற பொருள்களையும் வரிசையாகப் பார்த்தால், அநேகமாக எல்லாமே 500 டால்டனுக்குக் குறைவான மூலக்கூறு எடை கொண்டவை. அதற்கு மேல் போனால் சுவர் விடாது. இது கைக்கணக்குதான், இயற்கை விதி இல்லை. ஆனாலும் நல்ல கைக்கணக்கு.

இப்போது நம் கதாநாயகர்களை எடை போடுவோம். முதல் கதையின் மூன்று மணிப் பெப்டைட் சுமார் 340 டால்டன். தாமிரம் சேர்ந்தாலும் 400 சொச்சம். சரி, எடையில் தேறிவிட்டார். ஐந்து மணித் துண்டு சுமார் 563. கொழுப்புச் சுவரைக் கடக்க வசதியாக இருக்கட்டும் என்று ஒட்டிய வாலோடு 802. ஆர்ஜிரலின் சுமார் 889. வாசலில் நிற்கிற ஆட்கள் இவர்கள். வால் ஒட்டியதால் கொஞ்சம் உள்ளே போகிறது என்கிறார்கள், இருக்கலாம். எவ்வளவு, எந்த ஆழம்வரை என்பதுதான் கேள்வி. ஆர்ஜிரலின் போய்ச் சேர வேண்டிய இடமோ தோலுக்கும் கீழே, நரம்பும் தசையும் கைகோக்கும் இடம்.

இதைப் புரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டாம், நம் வீடுகளே போதும். இன்சுலினும் பெப்டைட்தான். 51 மணி, சுமார் 5800 டால்டன். என் அத்தை இருபது வருஷமாகச் சாப்பாட்டுக்கு முன் சேலையை விலக்கி வயிற்றில் ஊசி குத்திக்கொள்கிறார். தடவினால் உள்ளே போகும் என்றிருந்தால் அவர் ஏன் குத்திக்கொள்ளப் போகிறார்? இரண்டின் எடையும் ஒன்றில்லை என்பது தெரியும். ஆனால் "பெப்டைட்" என்று கேட்டவுடன் நமக்கு ஏற்படும் மரியாதை இன்சுலின் போன்றவை சம்பாதித்துக் கொடுத்தது. ஊசி சம்பாதித்த பேரைச் சீரம் செலவழிக்கிறது.

"சமிக்ஞை" என்ற சொல்லையும் விட மனசில்லை. அது எங்கள் துறைச் சொல். வலையில் செய்தி அனுப்ப இரண்டு முறைகள் உண்டு. டிசிபி முறையில், கிடைத்தது என்று எதிர்முனை பதில் சொல்லும்வரை அனுப்பியவன் விடமாட்டான். யுடிபி முறையில் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான், சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்கமாட்டான். டப்பாவின் உரைநடை யுடிபி. சமிக்ஞை அனுப்புகிறோம், செய்தி சொல்கிறோம் என்று வாக்கியத்துக்கு வாக்கியம் அனுப்புநர்தான் எழுவாய். பெறுநரின் குரல் ஒரு வரி கூடக் கிடையாது. கிண்ணத்தில் இருக்கும் செல்லுக்குச் சுவரே இல்லை, ஊற்றினால் குடித்துத்தான் ஆக வேண்டும். கிண்ணத்திலிருந்து கன்னத்துக்கு டப்பா ஒரே காற்புள்ளியில் தாண்டிவிடுகிறது.

*

சரி, அப்படின்னா எல்லாம் ஏமாற்றா? அவ்வளவு சுலபமாக முடித்துவிட்டால் அது விமர்சனம் ஆகாது, வசை.

பென்டாபெப்டைடை எடுத்துக்கொள்வோம். 2005-இல் ஒரு நல்ல சோதனை வெளியானது. 35 முதல் 55 வயது வரையிலான 93 வெள்ளைக்காரப் பெண்கள், 12 வாரம். ஒவ்வொருவரின் முகத்தின் ஒரு பாதியில் மாய்ஸ்சரைசர் மட்டும். மறுபாதியில் அதே மாய்ஸ்சரைசரோடு பத்து லட்சத்தில் 3 பங்கு பென்டாபெப்டைட். எது எந்தப் பக்கம் என்று பூசியவருக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. முடிவில் பெப்டைட் பக்கம் சுருக்கங்கள் கூடுதலாகக் குறைந்திருந்தன. புள்ளியியல்படி அது தற்செயல் இல்லை. ஆய்வை நடத்தியது ப்ராக்டர் அண்ட் கேம்பிள், அதாவது இதை விற்கிறவர்கள். அதனாலேயே பொய் ஆகிவிடாது. முறை நேர்மையாகத்தான் இருக்கிறது. ஒரே முகத்தை இரண்டு பக்கமாகப் பிரித்து ஒப்பிடுவது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. பாடபேதம் பார்க்கிற மாதிரி.

ஆனால் அந்தச் சோதனையில் ஒப்பிடப்பட்டது எதோடு என்பதைக் கவனியுங்கள். வெறும் முகத்தோடு இல்லை, மாய்ஸ்சரைசர் பூசிய முகத்தோடு. ஏன்? ஏனென்றால் மாய்ஸ்சரைசர் தானே ஒரு வேலை செய்யும். கிளிசரினும் தண்ணீரும் வறண்ட மேல்தோலைக் கொஞ்சம் உப்ப வைக்கும், நுண்கோடுகள் மங்கும். அதற்குப் பன்னிரண்டு வாரம் வேண்டாம், அன்றைக்கே தெரியும். அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பெப்டைடின் பங்கு. அது இருக்கிறது, சிறியது.

இப்போது நம் வாக்கியத்துக்குத் திரும்பி வாருங்கள். "நுண்கோடுகளின் தோற்றத்தைக் குறைக்க உதவுகிறது." இந்த வாக்கியம் உண்மை. பெப்டைடை மொத்தமாக எடுத்துவிட்டாலும் உண்மையாகவே இருக்கும்! வாக்கியத்தை உண்மையாக்குவது கிளிசரின், விலையைத் தீர்மானிப்பது பெப்டைட். இந்த வகை உரைநடையின் மொத்தச் சூட்சுமமும் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு பொய்யும் சொல்லாமல், உண்மையின் கூலியை வேறொருவர் கணக்கில் வரவு வைப்பது.

டப்பாவின் பின்பக்கப் பட்டியலும் இதே இலக்கணம்தான். மூலப்பொருள்களை அதிகத்திலிருந்து குறைவுக்கு வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. ஆனால் 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். பெப்டைடுகள் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கூட்டத்தில் நிற்பவை. கெட்டுப்போகாமலிருக்கச் சேர்க்கும் பொருளுக்கு முன்னால் அவற்றை நிறுத்திவைத்தால், ஏதோ நிறைய இருப்பது போலத் தெரியும். முன்பக்கத்தில் "10 சதவீதம்" என்று இருந்தாலும், அது பல நேரம் மூலப்பொருள் நிறுவனம் கரைத்து அனுப்பும் திரவத்தின் சதவீதம். அந்தத் திரவத்துக்குள் பெப்டைட் எவ்வளவு என்பது தனிக் கதை. பத்து லட்சத்தில் 3 பங்கு என்பதே வேலை செய்யும் என்றால் குறைவாக இருப்பது குற்றமில்லை. அப்புறம் எதற்கு அந்தப் பத்து?

இதற்கு நேர் எதிரான ஒரு உரைநடையும் இருக்கிறது. ட்ரெட்டினாயின் என்ற வைட்டமின் ஏ வகை மருந்து, ரெனோவா என்ற பெயரில் நுண்சுருக்கங்களுக்காக 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தோலின் அமைப்பையே மாற்றும் என்று நிரூபித்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் போன பொருள். வேலை செய்யும் என்று சான்று இருக்கும் அந்த மருந்தின் குறிப்பில் பெரிய எழுத்தில் என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? இது சுருக்கங்களை ஒழிக்காது, வெயிலால் கெட்ட தோலைச் சீராக்காது, இளமையான தோலை மீட்டுத் தராது என்று. வேலை செய்வதாக நிரூபித்தவன் இவ்வளவு அடக்கமாகப் பேச வேண்டியிருக்கிறது. நிரூபிக்கத் தேவையில்லாதவன் "இளமையின் சமிக்ஞை" என்று கவிதை பாடலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஒரு பருவத்துக்கான உரைநடைப் பாடமே அதில் இருக்கிறது.

இன்னொரு சலிப்பான உண்மையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை வருஷம் கவனித்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லப்பட்டவர்களின் தோல் முதுமை, விருப்பப்படி பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவு. சன்ஸ்கிரீனுக்குக் கதை இல்லை. சமிக்ஞை அனுப்பாது, யாரையும் ஏமாற்றாது, வெயிலைத் தடுக்கும். ஒரு குடையைப் பற்றி யார் காவியம் எழுதுவார்கள்?

*

இதையெல்லாம் என் அலுவலகத்தில் ஒரு அக்காவிடம் சொன்னேன். நாற்பதைத் தாண்டியவர், எங்கள் குழுவில் எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவோம். பெப்டைட் சீரம் மாதாமாதம் வாங்குகிறவர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீ சொல்றது எல்லாம் சரிதான்ப்பா. வேலை செய்யுமா செய்யாதாங்கிறது எனக்குப் பெரிய விஷயமே இல்ல. போன மாசம் வீடியோ மீட்டிங்ல மேனேஜர் எல்லார் முன்னாடியும் 'உடம்பு சரியில்லையா, ரொம்ப டயர்டா தெரியறீங்களே'ன்னு கேட்டாரு. நான் நல்லாத்தான் இருந்தேன். என் மூஞ்சியே அப்படித்தான் இப்ப. உனக்கு நரைச்சா சால்ட் அண்ட் பெப்பர்ம்பாங்க. எனக்கு நரைச்சா ஓய்வு எடுங்கம்பாங்க. இந்த பாட்டில் என் தோலுக்கு இல்ல, அந்தக் கேள்விக்கு."

டப்பாவை நான் வாசித்ததைவிட அவர் நன்றாக வாசித்திருக்கிறார் என்று தோன்றியது. "தோற்றம்" என்ற சொல்லை நான் சட்டத்தில் தேடினேன், அவர் மீட்டிங்கில் சந்தித்தார். அவர் விலைக்கு வாங்குவது தோலின் அமைப்பில் ஒரு மாற்றத்தை இல்லை. மற்றவர்கள் கண்ணில் ஒரு மாற்றத்தை. அந்த அளவில் அட்டைப்பெட்டி அவரிடம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அந்தப் பயத்தில் ஒரு பங்கை உண்டாக்கியதும் அதே உரைநடை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அதன் மற்ற சொற்களைப் பாருங்கள். "சேதம்", "பழுது", "சீரமைப்பு", "திருத்தம்". எல்லாம் மெக்கானிக் கடைச் சொற்கள், எங்கள் துறையிலும் புழங்குபவை. பிழை இருக்கும் இடத்தில்தான் திருத்தம் வரும். ஆக, கண்ணோரத்துக் கோடு ஒரு பிழை, அதை உடையவர் ஒரு பழைய பதிப்பு. தமிழில் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது, திரை. நரை, திரை, மூப்பு என்று ஒரே மூச்சில் சொல்வோம். அதே திரைதான் கடலின் அலை. காற்று வீசிய கடலில் திரை எழும், வாழ்ந்த முகத்தில் திரை விழும். அலையைப் பழுது என்று எந்தக் கடற்கரையில் சொல்வார்கள்? மூப்பை யாரும் விரும்பி அழைத்ததில்லைதான். ஆனால் அதைச் செய்த தவறாக நினைக்க அந்தச் சொல் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை.

"தோற்றம்" என்ற சொல்லுக்கும் தமிழில் இன்னொரு பொருள் உண்டு. தெருமுனையில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைப் பாருங்கள். தோற்றம் என்று ஒரு தேதி, மறைவு என்று ஒரு தேதி. அங்கே தோற்றம் என்றால் பிறப்பு. அந்தப் பொருளில் படித்தால் டப்பாவின் வாக்கியம் தன் ஆசையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. பிறந்த தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுத் தருகிறேன் என்கிறது.

மூப்பு தள்ளிப்போவதைப் பற்றித் தமிழில் ஈராயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவரிடம் கேட்டிருக்கிறார்கள். வயது இவ்வளவு ஆகியும் உங்களுக்கு ஏன் நரைக்கவில்லை என்று பிசிராந்தையாரைக் கேட்க, அவர் சொன்ன பதில் புறநானூற்றில் 191-ஆம் பாட்டு. அவரும் ஒரு மூலப்பொருள் பட்டியல்தான் கொடுக்கிறார். நல்ல மனைவி, அறிவு நிறைந்த பிள்ளைகள், தன் மனம்போல நடக்கும் ஏவலர், முறை தவறாத அரசன், ஊரில் அடக்கமான சான்றோர்கள். ஒன்று கூடத் தோலில் தடவுவது இல்லை. ஐந்தும் சுற்றி இருக்கிற மனிதர்கள். முகம் மூப்பதும் மூக்காததும் சுற்றி இருப்பவர்கள் நடந்துகொள்கிற விதத்தில் இருக்கிறது என்று நம்பிய மனசு அது. அறிவியலாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நரை வருவதற்கு நிறமிச் செல்களின் கணக்கு தனியாக இருக்கிறது.

இந்தப் பாட்டை எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் அக்காவிடம் பேசிய பிறகு அதை வாசிக்கும்போது ஒரு கேள்வி கூடவே வருகிறது. அந்தப் பட்டியலில் முதலில் நிற்கிற மனைவிக்கு நரைத்திருந்ததா? பிள்ளைகளை அப்படி வளர்த்தவர், வீட்டை அப்படி நடத்தியவர். அவருடைய நல்ல அரசன் யார், அவருடைய மனம்போல நடந்த ஏவலர் யார்? கேட்டவர்கள் புலவரிடம்தான் கேட்டார்கள். ஆணுடைய கருமுடி வியப்பாக இருந்தது, காரணம் கேட்டு எழுதிவைத்தார்கள். இன்றைக்கு எங்கள் மீட்டிங்கில் பெண்ணிடம் கேட்கிறார்கள், ஆனால் எதிர்க் கேள்வியை. ஏன் களைத்துத் தெரிகிறீர்கள்?

அதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டுமென்றால் பிசிராந்தையாரின் பட்டியலைத் தலைகீழாக எழுத வேண்டியிருக்கும். பத்து மணி நேர வேலை, இரண்டாவது ஷிப்டாக வீடு, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, படுக்கையில் மாமியார், ராத்திரி பதினொரு மணிக்கு வரும் அழைப்பு. இதையெல்லாம் மீட்டிங்கில் சொல்ல முடியாது. அதனால் அக்கா காலையில் மூன்று சொட்டு எடுத்துக் கன்னத்தில் தடவிக்கொண்டு வருகிறார். அந்தச் சொட்டுக்குள் பெப்டைட் எவ்வளவு, அது சுவரைத் தாண்டியதா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கணக்கு தப்பில்லை, இனியும் போடுவேன். நீங்களும் டப்பாவைத் திருப்பி, எந்தச் சொல் உண்மையைச் சுமக்கிறது, எந்தச் சொல் விலையைச் சுமக்கிறது என்று பாருங்கள்.

பார்த்துவிட்டு, அந்த மேனேஜரின் கேள்வியையும் ஒருமுறை வாசியுங்கள். அதுவும் "தெரியறீங்களே" என்றுதான் முடிகிறது. இருக்கீங்களே என்று அவரும் சொல்லவில்லை.